எறும்பு மொய்க்காத பைகள்

நாற்பத்து நான்கு மணி நேரமாக அந்த ஷெட்டுக்குள் யாரும் கால் வைக்கவில்லை. வாட்ச்மேன்கூட ஸ்டூலை வெளியே இழுத்துப் போட்டு, ஷெட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறாராம். முதுகைக் காட்டினால் பின்னால் யாரோ பெருமூச்சு விடுகிறார்களாம். மிட்டாய் ஆலை முதலாளி போனில் சொன்னது இவ்வளவுதான்.

இதைக் கேட்டதிலிருந்து மாமாவுக்கு உள்ளூரப் பயம்தான். ஆனால் முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் பயத்தை வெளியே காட்டுவாரா?

"மூச்சு விடுதுன்னா உயிரோட இருக்குன்னு அர்த்தம். அப்புறம் எப்படி அது பேயாகும்?" என்றபடி ஆலை கேட்டுக்கு முன்னால் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டார்.

பின் சீட்டிலிருந்து இறங்கிய ஊசி சிரிக்கவில்லை. அவள் மாமாவின் அக்கா மகள். ஒல்லியான உடம்பு, குறைவான பேச்சு. குத்த வேண்டிய இடத்தில் மட்டும் குத்துவாள். சின்ன வயதில் வீட்டில் வைத்த பட்டப்பெயர் துப்பறியும் தொழிலிலும் ஒட்டிக்கொண்டது. மாமாதான் அவளுக்கு டிரைவர், உதவியாளர், வாய். மூன்று வேலைக்கும் சேர்த்து ஒரு டீகூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்பது அவருடைய நிரந்தரப் புகார்.

கேட் ஓரத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். யாருக்கும் காத்திருப்பவள்போல் தெரியவில்லை. நிற்பதையே வேலையாக வைத்துக்கொண்டவள்போல் நின்றாள்.

"உள்ள போறீங்களா?"

"ஆமாம்மா" என்றாள் ஊசி.

"போறவங்க எல்லார்கிட்டயும் கேக்குறேன். உங்ககிட்டயும் கேக்குறேன். எங்க வீட்டுக்காரர் எங்க செத்தார்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க."

மாமா ஸ்கூட்டர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அருகில் வந்தார்.

அவள் கணவர் இதே ஷெட்டில் வேலை பார்த்தவர். ஒன்றரை மாதத்துக்கு முன்னால், குடித்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் விழுந்து செத்தார் என்று சொல்லி, ஆலை வேனில் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

"பதினாறு வருஷம் கூட வாழ்ந்திருக்கேன். இருமல் மருந்துல அந்த வாடை அடிச்சாலே துப்பிடுவார். இப்ப என் பொண்ணை ஸ்கூல்ல குடிகாரன் மகள்ங்கிறாங்க. அவ புத்தகப் பையைத் தூக்க மாட்டேங்குறா. செத்தவர் செத்துட்டார். ஆனா எங்க, எப்படின்னு யாராவது வாயைத் திறந்து சொல்லணும்ல?"

ஊசி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தப்ப, உங்களுக்கு வித்தியாசமா ஏதாவது பட்டுச்சா?"

"எறும்பு."

"எறும்பா?"

"எங்க இருந்துதான் வந்துச்சோ. காதுக்குள்ள, தலைமுடிக்குள்ள, சாரை சாரையா. தட்டத் தட்ட வந்துச்சு. ராத்திரி பூரா ஒரு துண்டை வச்சு ஓட்டிக்கிட்டே இருந்தேன். அழக்கூட நேரம் கிடைக்கலை."

உள்ளே நடக்கும்போது மாமா தன் காதை இரண்டு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

முதலாளியின் அறை மாடியில் இருந்தது. கண்ணாடி ஜன்னல் வழியாக ஷெட் தெரிந்தது. இனிப்புப் பாகு வரும் கன்டெய்னர் அதில் பின்பக்கமாக நுழைந்து நின்றது. வாய் மட்டும் ஷெட்டுக்குள். உடம்பு முழுக்க வெயிலில்.

"அந்த இரும்புப் பெட்டிக்குள்ள ஒரே ஒரு பை" என்றார் முதலாளி. "இந்த ரூமைவிடப் பெருசு. அதுக்குள்ள பாகு. பம்பு போட்டா இழுக்கும். ஆனா கெட்டிப் பாகு பாருங்க, கடைசி வரைக்கும் வராது. பை தொளதொளன்னு ஆனதும் மடிப்புலயும் மூலையிலயும் தங்கிடும். ஒவ்வொரு பையிலயும் நாலு பீப்பாய் அளவு மிச்சம் நிக்கும்."

"முன்னாடி அந்த மிச்சத்தை எப்படி எடுத்தீங்க?"

முதலாளி பேனாவை மூடினார். "வழிச்சு எடுப்பாங்க."

"எங்க நின்னு?"

"ஆளுங்க பார்த்துப்பாங்க மேடம். இப்ப அந்த முறை இல்லை. வழிக்கத்தான் ஒண்ணும் மிச்சம் இல்லையே! அதுதானே பிரச்சினை. சாப்பாட்டுச் சங்கு ஊதினதும் எல்லாரும் போயிடுறாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு வந்தா, பை சொட்டு இல்லாம வழிஞ்சு, பாய் மாதிரி சுருட்டி வச்சிருக்கு. பீப்பாய் நாலும் நிரம்பி மூடி போட்டு நிக்குது."

"எங்க வீட்டுல சிங்க் நிறையப் பாத்திரம் கிடக்கு சார்" என்றார் மாமா. "அந்த ஆளைப் பிடிச்சதும் ஒரு வாரத்துக்கு எனக்கு அனுப்பி வைக்க முடியுமா?"

முதலாளி சிரிக்கவில்லை. "முந்தாநாள் பை சுருட்டலை. விரிஞ்சு கிடந்துச்சு. அது மேல ஒரு ஆள் குப்புறப் படுத்த தடம். ரெண்டு கையையும் விரிச்சு. பார்த்தவன் பூராப் பேரும் ஓடிட்டான். செத்துப்போன ஒருத்தன் வந்து வேலை பார்க்கிறான்னு கதை கட்டிட்டாங்க."

"சார், திருடன்னா எடுத்துட்டுப் போவான்" என்றாள் ஊசி. "இது குடுத்துட்டுப் போகுது. இதைப் பிடிச்சு என்ன பண்ணப்போறீங்க?"

"போலீஸ்ல ஒப்படைப்பேன். என் ஆலையில பேய் விளையாட்டு வேண்டாம். சாயங்காலத்துக்குள்ள ஆள் யாருன்னு தெரியணும்."

ஷெட் மேஸ்திரி பெரிய உடம்புக்காரர்; குரல் மட்டும் எங்கோ தொலைந்துபோனது போல் இருந்தது. ஷெட்டுக்குப் பின்னால் காலிப் பைகளைக் குவித்திருந்த இடத்துக்கு அவர்களைக் கூட்டிப்போய், தான் பத்தடி தள்ளியே நின்றுகொண்டார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பொருள் எடுக்கிறவர் லாரியோடு வந்து இவற்றை அள்ளிப்போவாராம்.

குவியலில் பாதி கறுப்பாக அசைந்தது. மாமா கண்ணைக் கசக்கிப் பார்த்தார். எறும்புகள். மடிப்புக்கு மடிப்பு புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தன. மறுபாதியில், பாய்போல் இறுக்கிச் சுருட்டிய பைகள். அவற்றின் மேல் ஒரு எறும்புகூட இல்லை.

"எறும்புக்கும் பேய்ன்னா பயமா?"

"பயம் இல்லை மாமா. அதுக்கு அங்க வேலை இல்லை." ஊசி ஒரு சுருளைப் பிரித்து உள்ளே விரலைத் தேய்த்தாள். விரல் ஒட்டவில்லை. "தட்டை நக்கி வச்ச மாதிரி இருக்கு."

பிறகு எறும்புப் பக்கம் போனாள். அந்தப் பைகள் ஒவ்வொன்றிலும் மேல்பக்கத்தில் ஒரு கிழிசல் இருந்தது. ஒரு ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டு நுழையும் அளவு. ஒரு பையில் மட்டும் கிழிசல் இந்த முனையில் ஆரம்பித்து அந்த முனை வரை ஓடியது. கோணல்மாணலாக, அவசரமாக. எறும்புப் பைகளில் அதுதான் கடைசி. அதற்குப் பின் வந்தவை எல்லாம் சுத்தமான சுருள்கள்.

"ஒரு ஆள் உள்ள போக இவ்வளவு கிழிக்கணுமா மாமா?"

"என் சைஸ் ஆளா இருந்தா கிழிக்கணும்" என்று மாமா வயிற்றில் தட்டினார்.

"உள்ள போக இவ்வளவு வேண்டாம். அவசரமா வெளிய எடுக்கத்தான் இவ்வளவு வேணும்."

தட்டிய கை வயிற்றிலேயே நின்றுவிட்டது. மாமாவுக்குக் காதோரம் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"மேஸ்திரி, இந்தப் பையை ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?"

மேஸ்திரி வேறு பக்கம் பார்த்தபடி சொன்னார். "எரிக்கச் சொன்னார் முதலாளி. யாரும் தொட மாட்டேன்னுட்டாங்க. நானும்தான்."

ஊசி போனை எடுத்து அந்தப் பையைப் பல பக்கமிருந்து படம் பிடித்தாள். யாருக்கோ அனுப்பினாள். மேஸ்திரி பார்த்துக்கொண்டே நின்றார், தடுக்கவில்லை.

ஷெட் ஆட்கள் ஒரு மரத்தடியில் டீ டம்ளர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். வேலை இல்லாத வாய்களுக்கு நல்ல வேலை கிடைத்திருந்தது.

"அந்தப் பேய் இவனைத்தான் முதல்ல பிடிக்கும்" என்றான் வெல்டர், பக்கத்திலிருந்தவனைக் காட்டி. "குளிக்காதவன்னா அதுக்கு ரொம்ப இஷ்டமாம்."

"நீ குளிச்சதுக்கு யாரு சாட்சி?"

"சாப்பாட்டு நேரத்துல யாரு யாரு எங்க இருப்பீங்க?" என்று நடுவில் புகுந்தாள் ஊசி.

"எல்லாரும் ஹாலுதான் மேடம். ஒரே மேசை. இவன் என் டப்பாவுல கை வைப்பான், நான் அவன் டப்பாவுல கை வைப்பேன். ஒருத்தன் நகர்ந்தா அடுத்தவன் அவன் சாப்பாட்டையும் முடிச்சிருப்பான். அதனால எவனும் நகர மாட்டான்."

"எல்லாருமா?"

"மச்சான் மட்டும் வரமாட்டான். அவன் கேட்டுக்குப் போயிடுவான், அக்காகூட உட்கார்ந்து சாப்பிட. பாவம், அவங்க அத்தான் போனதுல இருந்து அப்படித்தான்."

மரத்துக்கு அந்தப் பக்கம், தனியாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். மீசை முகத்தை விட்டுக் கழன்று விழுந்துவிடும்போல் அவ்வளவு இளைத்திருந்தான். செத்துப்போனவர் அவனை மச்சான் என்று கூப்பிட, ஷெட் முழுவதற்கும் அவன் மச்சான் ஆகிவிட்டான். பேச்சு தன்னைப் பற்றியது என்று தெரிந்தும் அவன் டீ டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா மேடம், அந்தப் பேயைப் பிடிச்சுட்டா பழையபடி ஆளை உள்ள இறக்குவாங்களா?" என்று வெல்டர் கேட்டான். இந்த முறை அவன் குரலில் கேலி இல்லை.

மச்சான் மிச்ச டீயை மண்ணில் ஊற்றிவிட்டு எழுந்து போனான்.

ஊசி மாமாவின் முழங்கையைத் தொட்டாள். "கேட்ல போய் அந்த அம்மாகிட்ட ஒண்ணு கேட்டுட்டு வாங்க. தம்பி எங்க சாப்பிடுவார்னு."

மாமா போனார். திரும்பி வரும்போது அவர் நடையில் ஒரு அவசரம் இருந்தது.

"அவன் அக்கா என்ன சொல்றா தெரியுமா? தம்பி உள்ள, எல்லாரோடயும் ஹால்லதான் சாப்பிடுறானாம். அவ கேட்ல நிக்கிறது அவனுக்குப் பிடிக்காதாம். தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிடுவானாம். டப்பா தினமும் காலியாத்தான் வருதாம், ஆனா ஆள்தான் இளைச்சுக்கிட்டே போறானாம்." மாமா குரலைத் தாழ்த்தினார். "ஊசி, ஒரே பயணிக்கு ரெண்டு ஸ்டாப்புக்கு டிக்கெட் கிழிச்சிருக்கு. ஆனா ஆளு ரெண்டு ஸ்டாப்புலயும் இறங்கலை."

"வண்டியிலயேதான் இருக்கார்" என்றாள் ஊசி. "வாங்க, பம்பு போடலாம்."

புதிதாக வந்த கன்டெய்னரின் பை அப்படியே நிறைந்து கிடந்தது. உள்ளே வர யாரும் தயாராக இல்லாததால், மேஸ்திரி வாசலில் நின்று கத்த, மாமாதான் குழாயை மாட்டினார்.

"இடது பக்கம் திருகுங்க! உங்க இடது இல்லை, பையோட இடது!"

"பைக்கு ஏதுய்யா இடதும் வலதும்? அது என்ன ஓட்டா போடப்போகுது?"

பம்பு உறுமியது. காலையிலிருந்து காய்ந்த இரும்புப் பெட்டியிலிருந்து தித்திப்பான, திகட்டும் வாடை வந்தது. மூன்று மணி நேரத்தில் பை தளர்ந்து, அங்கங்கே புடைத்து, தூங்கும் மிருகம்போல் தரையில் கிடந்தது. பம்பு வெறும் காற்றை இழுத்துச் செருமியதும் நிறுத்தினார்கள். மிச்சம் மடிப்புகளில் பதுங்கியிருந்தது.

சங்கு ஊதியது. முற்றம் காலியானது. ஊசியும் மாமாவும் பீப்பாய்களுக்குப் பின்னால் குந்தினார்கள்.

"உச்சி வெயில்லதான் பேய் வரணுமா?" என்று மாமா கிசுகிசுத்தார்.

"அப்பதான் கூரை கொதிக்கும். கூரை கொதிச்சா பாகு இளகும். காலையில கல்லு மாதிரி நிக்கிறது இப்ப எண்ணெய் மாதிரி நகரும். பேய்க்கு இல்லை மாமா, பாகுக்குத்தான் இது நல்ல நேரம்."

"அப்ப அந்தப் பெருமூச்சு?"

ஊசி உதட்டில் விரலை வைத்தாள்.

மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். சாப்பாட்டு டப்பாவை ஓரமாக வைத்தான். ஒரு துணிப் பொட்டலத்தை ஆணியில் மாட்டினான். பாகு இறக்கும் மேடைக்கு அடியிலிருந்து காற்றில்லாத பழைய லாரி டியூப்களை இழுத்தான். கன்டெய்னர் வாயில் வந்ததும் நின்றுவிட்டான். அந்த அனலிலும் அவன் பற்கள் கிட்டிக்கொள்ளும் சத்தம் மாமாவுக்குக் கேட்டது. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, தளர்ந்த பையின் மேல் தவழ்ந்து, இருட்டான மறுகோடிக்குப் போனான்.

காற்றுக்குழாய் சீறியது. மறுகோடியில் பைக்கு அடியில் செருகிய டியூப்கள் உப்பின. பை மெல்ல உயர்ந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கும் மார்புபோல். பாகு சரிவைக் கண்டு வாயை நோக்கி நகர்ந்தது. மேடைக்குக் கீழே பீப்பாயில் தடித்த கயிறுபோல் விழத் தொடங்கியது. பம்பு இல்லை, உறுமல் இல்லை. அவன் பையின் நுனியை ஒரு இரும்புக் குழாயில் சுற்றி, பற்பசைக் குழலை அடியிலிருந்து பிதுக்குவதுபோல், சுருட்டிக்கொண்டே முன்னால் வந்தான். ஓரிடத்தில் மிச்சம் புடைத்து நின்றது. அதன் மேல் குப்புறப் படுத்து, கைகளை விரித்து, முழு உடம்பாலும் அழுத்தினான்.

"வந்துடுங்க" என்றான். "இன்னும் கொஞ்சம்தான். வந்துடுங்க அத்தான்."

மாமாவுக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. அவரிடம் இருந்த நகைச்சுவை எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

டியூப்களில் காற்றைத் திறந்துவிட்டான். ஷெட் முழுவதும் ஒரு நீண்ட பெருமூச்சு எழுந்து அடங்கியது.

ஊசி எழுந்து வெளிச்சத்துக்கு வந்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவன் திடுக்கிடவில்லை. ஓடவும் இல்லை. யாராவது எப்போதாவது வருவார்கள் என்று எதிர்பார்த்துக் களைத்துப்போனவன்போல் அப்படியே உட்கார்ந்தான். "சோறு இறங்கலை மேடம். வாசல்ல நாய் ஒண்ணு இருக்கு. அதுக்கு வச்சிடுவேன்."

"முந்தாநாள் ஏன் சுருட்டலை?"

"படுத்தேன். எழுந்திரிக்க முடியலை. சங்கு ஊதிடுச்சு."

"மிச்சம் இல்லைன்னா ஆளை உள்ள இறக்க மாட்டாங்க. அதுக்குத்தானே?"

அவன் தலையசைத்தான். "கயிறு என் கையிலதான் இருந்துச்சு மேடம். உள்ள இருந்து இழுத்தா நான் இழுக்கணும். பம்பை நிறுத்தாமலே உள்ள விடுறது இங்க வழக்கம், நேரம் மிச்சம்னு. பை சுருங்கிச் சுருங்கி... இழுத்தார். நானும் இழுத்தேன். கயிறெல்லாம் பாகு. வழுக்கிடுச்சு. கிழிச்சு எடுத்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. முதலாளி, வெளிய சொன்னா ஆலையை மூடிடுவேன்னார். துடைச்சு, துணி மாத்தி, சாராயத்தைத் தெளிச்சு... நானும்தான் தூக்கினேன்."

ஊசியின் பார்வை ஆணியில் தொங்கிய பொட்டலத்தில் இருந்தது. "அது மாத்துத் துணியா?"

"ஆமா. உள்ள இறங்குற முறை யாருக்கோ, அவங்க அன்னிக்கு ஒரு செட்டு கொண்டுவருவாங்க. பாகோட வீட்டுக்குப் போக முடியாதே. எனக்கு இப்ப தினமும் முறைதான்."

அடுத்த கேள்வி ஊசியின் நாக்கு நுனி வரை வந்ததை மாமா பார்த்தார். அது வெளியே வரவில்லை. ஊசியை அவருக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அவள் குத்தாமல் நின்றது இதுதான் முதல் தடவை.

"உங்க அக்கா கேட்ல நிக்கிறாங்க" என்றாள். "அவங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லியாகணும். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

படிக்கட்டில் முதலாளி எதிர்ப்பட்டார். "ஆள் கிடைச்சானா?"

"ரெண்டு பேர் கிடைச்சாங்க சார். ஒருத்தர் பேய். இன்னொருத்தர் அந்தப் பேயை உண்டாக்கினவர். எந்தப் பேரை முதல்ல சொல்லட்டும்?"

முதலாளி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"முனைக்கு முனை கிழிஞ்ச பையோட படம் போலீசுக்குப் போயாச்சு" என்றார் மாமா. "அவங்க வர்றதுக்குள்ள மேஸ்திரியை அதை எரிக்கச் சொல்லிப் பாருங்களேன். அவர் கேக்குறாரான்னு எனக்கும் தெரிஞ்சுக்கணும்."

கேட்டுக்கு வெளியே அந்தப் பெண் அதே இடத்தில் நின்றிருந்தாள். ஊசி அவள் எதிரே போய் நின்றாள். சுற்றி வளைக்கவில்லை.

"ரோட்டுல இல்லைம்மா. பஸ் ஸ்டாப்புல இல்லை. ஷெட்டுல, பாகுப் பைக்குள்ள. மிச்சத்தை வழிக்க உள்ள இறங்கினார். பம்பு ஓடிக்கிட்டே இருந்தது. பை சுருங்கி அவர் மேல ஒட்டிக்கிச்சு. அப்புறம் துடைச்சு, துணி மாத்தி, மேல சாராயத்தைத் தெளிச்சு வேன்ல ஏத்தினாங்க. தலையிலயும் காதுலயும் இருந்த பாகு மட்டும் போகலை. அதான் எறும்பு."

அவள் வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "அப்ப குடிக்கலை."

"ஒரு சொட்டுகூட இல்லை."

"என் பொண்ணுகிட்ட சொல்லணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவள், இரண்டடி வைத்து நின்றாள். "துணியை மாத்தினாங்கன்னு சொன்னீங்கள்ல?"

ஊசி தலையசைத்தாள்.

"அவர் வந்தப்ப போட்டிருந்தது என் தம்பி சட்டை. நான் பட்டன் தச்சுக் குடுத்த சட்டை. பாசத்துல போட்டு அனுப்பியிருக்கான்னு நினைச்சேன்." அவள் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "அவர் உள்ள இறங்குற நாள்னா, முதல் நாளே என்கிட்ட சொல்லுவார், மாத்துத் துணி எடுத்து வைன்னு. அன்னிக்கு அவர் கேக்கலையே. அன்னிக்கு என்கிட்ட துணி கேட்டது..."

மாமா ஊசியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் சொல்ல வேண்டிய வார்த்தை இல்லை.

கேட்டின் இரும்புக் கதவு கிரீச்சிட்டது. மச்சான் வெளியே வந்திருந்தான். கையெல்லாம் பாகு. ஒன்றரை மாதமாகக் குனிந்தே இருந்த தலையை நிமிர்த்தி அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"எனக்கு மூடின இடம்னா பயம்னு அத்தானுக்குத் தெரியும்கா. நீ வெளிய நின்னு கயிறைப் பிடிச்சுக்கோன்னு சொல்லிட்டு அவரே இறங்கிட்டார். அன்னிக்கு அவர் முறை இல்லைக்கா. என் முறை."